சுவரில் தன் பெயரை ஏற்றியவர்: எம்போஸ்டு வால்பேப்பர் தந்த ஃபிரெடெரிக் வால்டன் யார்?

புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனதும், ஹாலில் ஒரு சுவரை மட்டும் கொஞ்சம் வித்தியாசமாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஷாப்பிங் ஆப்பில் தேடுவது பெரும்பாலும் 3டி வால்பேப்பரைத்தான். செங்கல் மாதிரி ஒன்று, மரப்பலகை மாதிரி ஒன்று, சோஃபா தோல் மாதிரி ஒன்று. தொட்டால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியும். ரோலாக வீட்டுக்கு வரும், ஒட்டினால் வேலை முடிந்தது. அது செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. ஆனா பார்க்க அப்படியே இருக்கும்.

இந்த ‘அப்படியே இருக்கும்’ சமாச்சாரத்தைக் கெட்டியான, கழுவக்கூடிய, பல தலைமுறை தாங்கக்கூடிய ஒரு பொருளாக்கி, ரோல் கணக்கில் விற்றுக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ஃபிரெடெரிக் வால்டன். லினோலியம் தரை விரிப்பைக் கண்டுபிடித்தவர் என்ற அளவில் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதே வால்டன்தான் 1877-ல் ‘லின்கிரஸ்டா’ என்ற புடைப்புச் சுவர் விரிப்பையும் உருவாக்கினார். தரைக்கு அவர் வைத்த பெயர் கோர்ட்டில் கைவிட்டுப் போனது. சுவரில் அவர் பிடித்த சந்தையைத் தட்டிப் பறித்தவர், அவருடைய ஷோரூமிலேயே வேலை பார்த்தவர். ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனரின் கதைபோல இருக்கிறது இல்லையா? கிட்டத்தட்ட அப்படித்தான்.

பெயிண்ட் டப்பாவில் படிந்த ஆடை

வால்டன் பிறந்தது 1834-ல், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகருக்கு அருகே. கம்பளி, பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதி அது. அப்பா ஜேம்ஸ் வால்டனும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான். நூற்பாலைகளில் பஞ்சைச் சீவி ஒழுங்குபடுத்தும் கம்பிப் பட்டைகளைத் தயாரித்தார். அந்தக் கம்பிகளைப் பொருத்தத் தோலுக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தியது அவருடைய முக்கியமான சாதனை. பின்னர் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை வைத்தார். மகன் ஃபிரெடெரிக் 1855-ல் அந்தக் குடும்பத் தொழிலில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

அந்தச் சமயத்தில் அவர் கண்ணில் பட்டது ஒரு சாதாரணக் காட்சி. திறந்து கிடந்த பெயிண்ட் டப்பாவின் மேல், பாலில் ஆடை படிவதுபோல ஒரு படலம். விரலால் எடுத்து இழுத்தால் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. நம்மில் பலரும் இதைப் பார்த்திருப்போம். கிழித்துத் தூரப் போட்டுவிட்டு பிரஷ்ஷை நனைத்திருப்போம். ரப்பரை நம்பியே தொழில் நடத்திய குடும்பத்தில் வளர்ந்த பையனுக்கோ, இதையே ரப்பருக்கு மாற்றாகப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது.

இங்கே கொஞ்சம் வேதியியல். அந்தக் காலத்து பெயிண்ட்டில் இருந்தது ஆளி விதை எண்ணெய். கிரிக்கெட் பேட்டுக்குத் தடவுகிறார்களே, அதே எண்ணெய். தேங்காய் எண்ணெயை எத்தனை நாள் திறந்து வைத்தாலும் அது இறுகாது. ஆளி விதை எண்ணெய் அப்படி இல்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மெல்ல மெல்லக் கெட்டியாகும். இப்படி இறுகிய எண்ணெய்க்கு லினாக்ஸின் என்று பெயர்.

சிக்கல் ‘மெல்ல மெல்ல’ என்பதில்தான். தானாக இறுகட்டும் என்று விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வால்டன் எண்ணெயை ஈய, துத்தநாக உப்புகளோடு சேர்த்துச் சூடாக்கி வேகப்படுத்திப் பார்த்தார். மலிவான பருத்தித் துணியை அதில் திரும்பத் திரும்ப முக்கி, படியும் படலத்தைச் சுரண்டி எடுத்து வார்னிஷ் ஆக்கினார். 1860-ல் காப்புரிமையும் வாங்கினார். மழைத்துணி தயாரிப்பவர்களுக்கு விற்கலாம் என்பது திட்டம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. துணி வேறு இற்றுப்போனது. தொழிற்சாலை ஒரு முறை தீப்பிடித்து எரிந்தது. போதாக்குறைக்கு அவர் உடம்பில் ஆறாத தோல் அரிப்பு. அதற்குள் அவர் அப்பாவின் தொழிலைவிட்டு விலகி, லண்டன் பக்கம் தனியாக வந்துவிட்டிருந்தார். வசதியான குடும்பத் தொழிலை உதறிவிட்டு வந்தவர் கையில் அப்போது மிஞ்சியிருந்தது ஒட்டும் எண்ணெய்ப் பிசின் மட்டும்தான்.

தரைக்கு ஒரு பெயர்

அங்கிருந்து எப்படி மீண்டார்? முறையை மாற்றினார். துணியை எண்ணெயில் முக்குவதற்குப் பதிலாக, உயரமான கொட்டகையில் நீளநீளமாகத் தொங்கவிட்டு, மேலிருந்து எண்ணெயை வழியவிட்டார். ஒரு படலம் காய்ந்ததும் அடுத்தது. ஆடை மேல் ஆடை. அப்படியும் பிசுபிசுப்பு போகவில்லை. எனவே கார்க் தூளும் மரத்தூளும் கலந்து பார்த்தார். வார்னிஷ்ஷாக இருக்க வேண்டியது, நடந்தால் சத்தம் வராத, வழுக்காத, தண்ணீர் இறங்காத தரை விரிப்பாக மாறிவிட்டது. 1863-ல் புதிய காப்புரிமை. ஆளிச் செடிக்கும் எண்ணெய்க்கும் லத்தீனில் உள்ள சொற்களை இணைத்து ‘லினோலியம்’ என்று பெயர் சூட்டினார். 1864-ல் லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை தொடங்கினார்.

உடனே பணம் கொட்டவில்லை. சந்தையில் ஏற்கெனவே எண்ணெய்த் துணி இருந்தது. ரப்பரும் கார்க்கும் கலந்த கம்ப்டுலிகான் என்ற விரிப்பு பிரிட்டன் நாடாளுமன்றம் வரைக்கும் போயிருந்தது. முதல் ஐந்து ஆண்டுகள் நஷ்டம். பிறகு வால்டன் விளம்பரத்தில் இறங்கினார். லண்டனில் லினோலியம் மட்டும் விற்க இரண்டு கடைகள் திறந்தார். ஜனங்கள் மனதில் பொருளையும் பெயரையும் ஒன்றாகப் பதியவைத்தார். வியாபாரம் தூக்கியது. 1870-களில் அட்லாண்டிக்கைத் தாண்டி, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஆலை வந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கே லினோலியம்வில் என்று பெயர் விழுந்தது.

ஜெராக்ஸ் சிக்கல், 1878 வெர்ஷன்

பெயரைப் பதியவைத்ததே அவருக்கு வினையானது.

1863-ல் வாங்கிய காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டுகள். 1877-ல் அது முடிந்ததும், ஸ்காட்லாந்தின் கிர்கால்டி நகரில் இருந்த நெய்ர்ன் நிறுவனம் அதே பொருளைத் தயாரித்து, ‘லினோலியம்’ என்றே விற்க இறங்கியது. வால்டன் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. பொருளை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், பெயர் எங்களுடையது என்பது வாதம்.

1878-ல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக இருந்தது. முதலாவது, அந்தப் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு செய்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். அந்தப் பொருளைச் சொல்ல லினோலியம் என்பதைத் தவிர மக்களிடம் வேறு வார்த்தையே இல்லை. காப்புரிமை முடிந்தபின் பொருளை எல்லோரும் செய்யலாம் என்றால், அதன் பெயரைச் சொல்லி விற்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும். இல்லாவிட்டால் 14 ஆண்டு ஏகபோகம் பின்வாசல் வழியாக நிரந்தர ஏகபோகமாகிவிடும்.

நம்மூரில் எந்த மெஷினில் எடுத்தாலும் அது ‘ஜெராக்ஸ்’தான். ஒரு பிராண்டு பெயர் இப்படிப் பொதுச்சொல் ஆவது கம்பெனிக்குப் பெருமையாகத் தெரியலாம். சட்டத்தின் கண்ணில் அது ஆபத்து. பின்னாளில் அமெரிக்காவில் ஆஸ்பிரினும் எஸ்கலேட்டரும் இப்படித்தான் பொதுச்சொற்களாயின. அந்த வரிசையில் கோர்ட் படியேறித் தோற்ற முன்னோடி லினோலியம். கண்டுபிடித்து வெறும் 15 ஆண்டுகளில்.

எண்ணெய் சுவருக்கு ஏறியது

காப்புரிமை முடிந்த அதே 1877-ல் வால்டன் கையில் இன்னொரு பொருள் தயாராக இருந்தது. தரைக்குப் போட்ட அதே கலவையைக் கொஞ்சம் மாற்றிச் சுவருக்குக் கொண்டுபோனால்?

சுவரில் புடைப்பு வேலைப்பாடு வைக்கும் ஆசை ஐரோப்பாவில் பழையது. பணக்காரர்கள் சுதையில் பூவும் கொடியும் செய்வித்தார்கள், மரத்தில் செதுக்கச் சொன்னார்கள். ஸ்பெயினின் கோர்டோபா நகரம் அச்சு அழுத்திய, பொன்னிறம் பூசிய தோல் விரிப்புகளுக்குப் பேர்போனது. அந்தத் தோலைப் போலவே காகிதத்தில் செய்து ஜப்பான் அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லாமே விலை அதிகம். இன்னொரு பக்கம், சாதாரண அச்சு வால்பேப்பர் மலிவாகிக்கொண்டே வந்தது. பிரிட்டனில் 1712 முதல் அதன்மேல் இருந்த வரி 1836-ல் நீங்கியது. அச்சு இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் அது தட்டையான காகிதம். ஈரம் பட்டால் போச்சு, துடைத்தால் சாயம் போச்சு. பச்சை நிறத் தாள்கள் பலவற்றில் ஆர்சனிக் கலந்த சாயம் வேறு.

இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் லின்கிரஸ்டா நுழைந்தது. இறுகிய ஆளி விதை எண்ணெய், பிசின், மெழுகு, மரத்தூள், நிறமி எல்லாம் சேர்ந்த கெட்டியான மாவு. அதைத் துணி அல்லது தடித்த காகிதத்தின்மேல் பரப்பி, இரண்டு உலோக உருளைகளுக்கு இடையே விடுவார்கள். ஓர் உருளையில் டிசைன் குடைந்திருக்கும். முறுக்கு அச்சில் மாவு உருவம் பெறுவதுபோல, அந்தக் குடைவுக்குள் மாவு போய் நிறைந்து, வெளியே வரும்போது புடைப்பாக வரும். பிறகு நாள்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். காயக் காயக் கல் மாதிரி இறுகும்.

ஒரு முக்கியமான விஷயம்: இதன் புடைப்பு உள்ளே திடமாக இருக்கும். நாம் இன்று வாங்கும் பெரும்பாலான எம்போஸ்டு தாள்களில் புடைப்புக்குப் பின்னால் வெற்றிடம்தான். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கிவிடும். லின்கிரஸ்டாவில் விரல்தான் வலிக்கும்.

முதலில் வைத்த பெயர் ‘லினோலியம் முராலிஸ்’, அதாவது சுவர் லினோலியம். லினோலியம் என்ற சொல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்தாகப் போகும்போது அந்தப் பெயரில் என்ன பாதுகாப்பு? பெயர் மாறியது. ‘லின்’ என்பது ஆளி, ‘கிரஸ்டா’ என்பது புடைப்பு. அதன் பின்னால் ஒரு கோடு போட்டு, தன் பெயரையே ஒட்டினார்: லின்கிரஸ்டா-வால்டன். இந்த முறை பெயரை எடுக்க நினைப்பவர் வால்டனையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஏன் அப்படி விற்றது?

டிசைன் அழகு மட்டும் காரணமில்லை. அன்றைய லண்டனில் நடுத்தர வர்க்கத்துக்காக வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வாசலைத் திறந்ததும் ஒடுக்கமான நடை. ஈரக் கோட்டு, குடை, பெட்டி எல்லாம் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் உரசும். நம் கிச்சனிலும் பாத்ரூமிலும் ‘டேடோ டைல்ஸ்’ ஒட்டுகிறோமே, அந்த டேடோ என்ற சொல் சுவரின் அந்தக் கீழ்ப்பகுதியைக் குறிப்பதுதான். லின்கிரஸ்டாவுக்கு அங்கே நிரந்தர இடம் கிடைத்தது. தண்ணீர் விட்டுத் துடைக்கலாம், பூச்சி அரிக்காது, ஈரத்துக்குப் பயமில்லை. நோய், கிருமி, சுகாதாரம் என்ற பேச்சு வலுத்த காலம் அது. கழுவக்கூடிய சுவர் என்பதே பெரிய செல்லிங் பாயின்ட்.

அப்புறம் அந்த ‘அப்படியே இருக்கும்’ வித்தை. ஒரே ரோலை மேஸ்திரி கையில் கொடுத்தால், மரநிறம் பூசி ரேகை இழுத்தால் செதுக்கிய ஓக் மரம். பழுப்பும் பொன்னும் பூசினால் ஸ்பானியத் தோல். வெள்ளை அடித்தால் சுதை வேலை. குமாஸ்தா வீட்டு நடைக்கும் பிரபுவின் மாளிகைக்கும் ஒரே உருளையிலிருந்து வந்த விரிப்பு போயிருக்கக்கூடும். போலி என்று அன்றே முகம் சுளித்த ரசனைக்காரர்கள் இருந்தார்கள். எனக்கென்னவோ அதைப் போலி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு பரம்பரை சேர்த்த பணத்தில் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு சுகம், மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டியது என்றும் பார்க்கலாம். கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் போன்ற பெரிய டிசைனர்களே இதற்கு வடிவங்கள் வரைந்து தந்தார்கள்.

லண்டனுக்கு மேற்கே சன்பரியில் இதற்கான ஆலை இயங்கியது. 1883 முதல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்டு நகரிலும் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். ரயில் பெட்டிகளுக்குப் போனது, கப்பல் அறைகளுக்குப் போனது. பாரிஸில் ஹெக்டர் கிமார் 1890-களில் கட்டிய காஸ்டெல் பெராஞ்சே என்ற புகழ்பெற்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்அலங்காரத்திலும் லின்கிரஸ்டா உண்டு.

ஷோரூம் மேனேஜரின் ஐடியா

லின்கிரஸ்டாவுக்கு இரண்டு குறைகள்: கனம், விறைப்பு. மூலை திருப்பி ஒட்டுவது பெரும்பாடு, விதானத்தில் ஒட்டுவது இன்னும் கஷ்டம். விலையும் ரொம்பக் குறைவு என்று சொல்ல முடியாது. இந்தப் புலம்பலையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் நேரில் கேட்டுக்கொண்டிருந்தவர் தாமஸ் பால்மர். லண்டனில் லின்கிரஸ்டா ஷோரூமின் மேனேஜர்.

அவருக்கு வந்த யோசனை எளிமையானது. எண்ணெய் மாவை விட்டுவிட்டு, பருத்திக் கூழிலேயே காகிதம் செய்து, அது ஈரமாக இருக்கும்போதே அச்சில் அழுத்தினால் என்ன? காய்ந்த தாளை அழுத்தினால் கிழியும். ஈரக் கூழ் வளைந்து கொடுக்கும். புடைப்பும் உயரமாக வரும். எடை குறைவு, விலை குறைவு, மூலையில் சிரமமில்லாமல் திரும்பும்.

கம்பெனியில் இதற்கு வரவேற்பு கிடைக்கவில்லை. பால்மர் வெளியேறி, 1880-களின் கடைசியில் சொந்தமாகக் காப்புரிமை வாங்கி, லங்காஸ்டர் நகரின் ஸ்டோரி சகோதரர்கள் நிறுவனத்துடன் கைகோத்தார். பெயர் அனாக்ளிப்டா. கிரேக்கத்தில் உயர்த்திச் செதுக்கியது என்ற பொருள் தரும் சொற்களிலிருந்து எடுத்தது. விட்டத்துக்கு, படுக்கையறைக்கு, வாடகை வீட்டுக்கு என்று லின்கிரஸ்டா போகாத இடமெல்லாம் அது போனது. இன்றும் பிரிட்டனில் வெள்ளைப் புடைப்புத் தாளைப் பார்த்தால், யார் தயாரித்தது என்று பாராமல் அனாக்ளிப்டா என்று சொல்கிறவர்கள் உண்டு. லினோலியத்துக்கு நடந்ததே அதற்கும் நடந்தது!

வால்டன் ஏன் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை? பெயிண்ட் டப்பாவின் ஆடையிலிருந்து தொடங்கியவருக்கு எல்லாமே ஆளி விதை எண்ணெய்தான். தரையும் சுவரும் அதிலிருந்தே வந்தன. எண்ணெயே இல்லாத ஒரு வெறும் காகிதக் கூழ் தன் சரக்கை முந்தும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பு குறைவு என்றே தோன்றுகிறது.

94 வயது வரை

அவர் ஓய்ந்துவிடவில்லை. அச்சிட்ட லினோலியத்தில் டிசைன் தேய்ந்துபோகும் என்ற குறை இருந்தது. நிறம் மேலாகப் படியாமல் முழுத் தடிமனுக்கும் இறங்கும்படி, வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் ராட்சத இயந்திரத்தை வடிவமைத்தார். 1890-களில் அதற்காகவே கிரீனிச்சில் ஆலை எழுந்தது. வளையும் உலோகக் குழாயிலும் கைவைத்தார். 1925-ல், 91 வயதில், லினோலியம் பிறந்து வளர்ந்த கதையைப் புத்தகமாக எழுதினார். 1928 மே மாதம் பிரான்சின் நீஸ் நகரில் காலமானார்.

இரண்டே ஆண்டில் ஸ்டேட்டன் தீவின் லினோலியம்வில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பெயரைத் தூக்கினார்கள். அந்த ஊர் இப்போது டிராவிஸ். ஸ்டெயின்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் சென்டர். அந்த ஊர்க் கடைத்தெருவில், லினோலியம் ரோலைத் தூக்கிச் செல்லும் இரண்டு தொழிலாளர்களின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது.

லின்கிரஸ்டா மட்டும் சாகவில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு வீடுகள் எளிமையான, வழவழப்பான சுவர்களுக்கு மாறியதும் மவுசு குறைந்தது. ஆனாலும் அதன் தயாரிப்பு லங்காஷயர் பகுதிக்கு இடம்பெயர்ந்து தொடர்ந்தது. பழைய கட்டிடங்களைப் புதுப்பிப்பவர்கள் 19-ம் நூற்றாண்டு டிசைன்களையே தேடி வாங்குகிறார்கள்.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பழைய வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் நம்மவர்கள் இதை வீட்டு நடையில் சோதித்துப் பார்க்கலாம். இடுப்பளவு உயரத்துக்குக் கீழே, பல அடுக்கு பெயிண்ட்டுக்கு அடியில் பூவோ கொடியோ புடைத்துத் தெரிகிறதா? கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் பால்மரின் வழியில் வந்த தாளாக இருக்கலாம். அமுங்கவில்லை என்றால் வால்டன் வீட்டுச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு. சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட மட்டும் வேண்டாம். அந்தக் காலத்து பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.